காது மிஷினும் அந்தரங்கமும்

சென்ற மாதம் ஓர் இரவு, வீட்டார் எல்லோரும் உறங்கிய பிற்பாடு, கூடத்தில் இருக்கும் பொதுக் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து, காது மிஷின்களின் விலை என்ன, வெளியே தெரியாமல் காதுக்குள் அடங்குபவை உண்டா என்பன போன்ற விஷயங்களைத் தேடிப் பார்த்தேன். இரண்டு வருஷமாக இடது காது மந்தப்பட்டு வருவதை நான் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் நான் கிழவனாகிவிட்டது வீட்டளவில் ஊர்ஜிதமாகிவிடும் என்ற பயந்தான் காரணம். ஆகையால் வேலை முடிந்ததும், பேரன் எப்போதோ கற்றுக்கொடுத்தபடி, பார்த்த பக்கங்களின் பட்டியலை, 'ஹிஸ்டரி' என்கிறார்களே அதை, சுத்தமாக அழித்துவிட்டே படுக்கப் போனேன். மறுநாள் காலை, காப்பியும் கையுமாக அதே கம்ப்யூட்டரில் பஞ்சாங்கம் பார்க்க வந்த மருமகள், "மாமா, காது மிஷின் யாருக்குத் தேடினீங்க?" என்று கேட்டாள். ராகு காலத்துக்கும் எமகண்டத்துக்கும் நடுவே அந்தக் கருவி தள்ளுபடி விலையோடு வீற்றிருந்தது.

இந்த வித்தையின் சூத்திரம் மிகச் சிறியது. ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு நாம் போனதும், முன்பு வந்தவர் இவர்தான் என்பதை அறியும் ஞாபகசக்தி வலைத்தளங்களுக்கு ஆதியில் இல்லாதிருந்தபடியால், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மாண்டுல்லி என்பவர் 1994-ல் 'குக்கீ' என்ற ஒரு துண்டுச் சீட்டை நம் கம்ப்யூட்டரிலேயே விட்டுவைக்கும் உபாயத்தைக் கண்டுபிடித்தார். சலவைக்குப் போகும் துணியின் ஓரத்தில் மசியால் இடும் குறியைப் போன்றது அது. குறி இட்டவருக்கு மட்டும் அர்த்தமாகும் வரையில் அதில் தோஷம் ஏதும் இல்லை. ஆனால் நாம் படிக்கும் பக்கங்களின் மூலைகளை வாடகைக்கு எடுத்திருக்கும் விளம்பர ஸ்தாபனங்களும் தத்தம் குறிகளை இடத் தொடங்கியதும், காதுக் கருவி விற்பவர் வாசலிலும் பஞ்சாங்கக்காரர் வாசலிலும் ஒரே ஆள் நின்றுகொண்டு, நேற்று இரவு அங்கே வந்த துணிதான் இன்று காலை இங்கே வந்திருக்கிறது என்று கண்டுகொள்ளும் நிலைமை ஏற்பட்டது. ஹிஸ்டரியை மட்டும் அழித்த என் சாமர்த்தியம், குறி இட்ட துணியை மடித்து வைத்ததற்குச் சமானம்.

இந்த மூன்றாம் ஆள் குறிகளை ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் 2020-ல் அடியோடு தடுத்தது; ஃபயர்பாக்ஸ் 2022-ல் அவற்றை அந்தந்தத் தளத்துக்குள்ளேயே அடைத்துவிட்டது. கூகுளும் இரண்டு வருஷத்துக்குள் குரோமிலிருந்து அவற்றை நீக்குவதாக 2020-ல் அறிவித்து, பலமுறை தவணை கேட்டு, 2024 ஜூலையில் அந்த உத்தேசத்தையே கைவிட்டது. பிரவுசரும் அதனுடையது, விளம்பர வியாபாரமும் அதனுடையது. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்.

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயம் எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது 2006-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம். ஏ.ஓ.எல். நிறுவனம், ஆராய்ச்சியாளருக்கு உதவும் என்று எண்ணி, சுமார் 6,50,000 பேர் மூன்று மாதத்தில் தேடிய ஏறத்தாழ 2 கோடி தேடல்களை, பெயர்களை நீக்கி, ஆளுக்கோர் எண்ணிட்டுப் பகிரங்கப்படுத்தியது. சில தினங்களுக்குள்ளாகவே நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள், ஓர் எண்ணுக்கு உரிய தேடல்களில் இருந்த ஊரையும் குடும்பப் பெயரையும் துணையாகக் கொண்டு, ஒரு முதிய பெண்மணியின் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். விரல்கள் மரத்துப்போவது முதல் நாய் கண்ட இடத்தில் அசுத்தம் செய்வது வரை அவர் தேடியவை அத்தனையும் அந்தப் பட்டியலில் இருந்தன. இதைவிட விசேஷம் ஒன்று உண்டு: வியாதிகளைப் பற்றிய தேடல்கள் பல அவருக்காகச் செய்தவை அல்ல, தோழிகளின் உபாதைகளுக்காக அவர் செய்தவை. அந்தப் பட்டியலை வாசித்த ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி அவரை எப்பேர்ப்பட்ட நோயாளியாக மதித்திருக்கும் என்பதை என் நண்பர்கள் யோசிக்க வேண்டும். மடியில் கனமில்லாதிருந்தும், இருப்பதாக எழுதிவைக்கிற கணக்குப் பிள்ளையிடம் நாம் என்ன வாதாட முடியும்?

குக்கீ பிறந்த அதே 1994-ல், அக்டோபரில், நம் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தமிழ்நாட்டு வழக்கில் அந்தரங்கத்தைப் பற்றி முக்கியமான தீர்ப்பு ஒன்றைக் கூறியது தற்செயல்தான். மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கர் எழுதிய சுயசரிதையைப் பிரசுரிக்க 'நக்கீரன்' ஆசிரியர் தொடுத்த அந்த வழக்கில், பகிரங்கமான ஆவணங்களில் உள்ளதைப் பத்திரிகை வெளியிடலாம் என்று அனுமதித்த நீதிபதிகள், ஆனாலும் பிறர் தலையீடின்றித் தனித்திருக்கும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவிலேயே அடங்கியிருக்கிறது என்றார்கள். பின்னர் புட்டசாமி என்பவரின் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கூடி, அது அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24-ல் ஏகமனதாக முடிவு கட்டினார்கள். 2023-ல் அதைக் காக்கச் சட்டமும் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின.

அந்தச் சட்டம், சம்மதம் என்பது சுதந்திரமாகவும், நிபந்தனையின்றியும், விஷயம் தெரிந்தும் கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. சொல் அழகாகத்தான் இருக்கிறது. நடப்பிலோ, 'உடன்படுகிறேன்' என்ற பொத்தான் பச்சை நிறத்தில் உள்ளங்கை அகலம் இருக்க, மறுப்பதற்கான வழி சாம்பல் நிறப் பொடி எழுத்தில் மூன்று பக்கம் தள்ளி ஒளிந்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும் முன், பத்திரத்தை ஒருவர் உரக்க வாசித்துக் காட்டி, வாசித்துக் காட்டியதாகக் கையெழுத்தும் இடும் வழக்கம் நம் ஊர்ப் பதிவு அலுவலகங்களில் உண்டு. பட்டதாரிகளான நமக்கோ வாசித்துக் காட்ட ஆளில்லை, பத்திரமும் நாற்பது பக்கம். இதைச் சம்மதம் என்று நான் ஒப்பமாட்டேன். நாம் வாய் திறக்காதிருந்தால் மறுத்ததாகவே அர்த்தம், பின்தொடர விரும்புகிற வியாபாரிதான் வந்து கேட்டுப் பெற வேண்டும் என்று விதி செய்தாலொழிய, இந்தச் சுமை முழுவதும் பஞ்சாங்கம் பார்க்க வந்தவர் தலையில்தான் விழுந்துகொண்டிருக்கும்.

அதுவரையில் செய்யக்கூடியதைச் செய்துவிட்டேன். மருமகளே உட்கார்ந்து மூன்றாம் ஆள் குக்கீகளைத் தடுத்துக் கொடுத்தாள்; செல்போனில் இருப்பிடம் அறியும் அனுமதியை ஒவ்வொரு செயலியிடமிருந்தும் பிடுங்கினாள். 'இன்காக்னிட்டோ' என்ற மறைவு ஜன்னல் வீட்டாரிடமிருந்து மறைக்குமேயன்றி வெளியாரிடமிருந்து மறைக்காது. அதைப் பற்றிய வழக்கில், சேர்த்துவைத்த பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்கக் கூகுள் 2024-ல் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. இணையத்தில் நம் தடத்தை மறைத்துத் தருவதாகச் சொல்லும் விபிஎன் என்ற சேவையோ, இணையக் கம்பெனி மேலிருந்த நம்பிக்கையை இன்னொரு கம்பெனி மேல் மாற்றி வைப்பதுதான். அவர்களும் வாடிக்கையாளர் பெயர்களை ஐந்து வருஷம் காக்க வேண்டுமென்று மத்திய அரசு 2022-ல் உத்தரவிட்டுவிட்டது.

காது மிஷினைக் கடைசியில் கடைக்கே நடந்துபோய் வாங்கினேன். மாட்டிவிட்டுப் பரிசோதித்த பிறகு, பில் போடும் பெண் தலை நிமிராமலே, "சார், போன் நம்பர் சொல்லுங்க" என்றாள். கருவி அருமையாக வேலை செய்தது. கேள்வி ஓர் எழுத்து விடாமல் விழுந்தது. நான் காது கேளாதவன் போல் ரூபாய் நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.