குழிக்குள் எட்டிப் பாருங்கள், ஆட்சியர் அவர்களே

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

தை பிறந்ததும் நம் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் கல் அறுப்பு சூடுபிடித்துவிடும். ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். குடிசை வரிசைக்குப் பின்னால் குழி வெட்டி, பலகை போட்டு, சுற்றிலும் தகரம் அடித்தால் அது கழிப்பறை. ஆய்வுக்கு வருகிறவர் ‘கழிப்பறை உண்டு’ என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறார். அந்தக் குழிக்குள்ளும் பார்க்கச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அந்தக் குழியில் ஈ இடும் முட்டை வெயில் காலத்தில் பத்து நாளுக்குள் ஈயாகிப் பறக்கிறது. சிவந்த பெரிய கண்ணும் நீலப்பச்சை உடலுமாகத் திரியும் ஈக்கள் இத்தகைய குழிகளில் பெருகுகின்றன. சோற்றுப் பானை அங்கிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. ஈயால் மெல்ல முடியாது. உண்டதைக் கக்கி, உணவைக் கரைத்து உறிஞ்சும். காலில் ஒட்டியதும் வயிற்றில் கிடந்ததும் குழந்தையின் தட்டில் சேர்கின்றன. சீதபேதி தரும் ஷிகெல்லா கிருமி நூறுக்கும் குறைவாக உள்ளே போனாலே போதும். ஓஆர்எஸ் கரைசலும் துத்தநாக மாத்திரையும் கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையம் தேற்றி அனுப்பும் குழந்தை, அதே குடிசைக்குத்தான் திரும்புகிறது.

கை கழுவாததும் கெட்ட தண்ணீரும் காரணமில்லையா என்பார்கள். காரணம்தான். ஆனால் ஈயை மட்டும் தனியாக அடக்கியும் பார்த்திருக்கிறார்கள். பாகிஸ்தான் கிராமங்களில் ஈ மருந்து தெளித்தபோது ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வயிற்றுப்போக்கு 23 சதவீதம் குறைந்ததாக 1999-இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. நான் மருந்து தெளிக்கச் சொல்லவில்லை. நாளடைவில் ஈ அதைத் தாங்கப் பழகிவிடும்.

நான் கேட்பது ஒரு குழாய். இன்றைய ஜிம்பாப்வேயிலுள்ள பிளேர் ஆய்வகத்தில் பீட்டர் மார்கன் 1970-களில் கண்ட வழி இது. குழியிலிருந்து கூரைக்கு மேல் ஒன்றரை அடி எழும்பும் ஆறங்குலக் குழாய், அதன் வாயில் நெருக்கமான வலை, கழிப்பறைக்குள் அரை இருட்டு. உச்சியில் வீசும் காற்று நாற்றத்தை மேலே இழுத்துவிடும். நாற்றம் தேடி வரும் ஈ வலையோடு நின்றுவிடும். குழிக்குள் பிறந்த ஈ வெளிச்சம் தெரியும் குழாயில் ஏறி, வலைக்கடியிலேயே சாகும். 1975 அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிடித்து எண்ணினார்கள். குழாய் இல்லாத கழிப்பறையில் 13,953 ஈக்கள். குழாய் வைத்ததில் 146.

வலையில்லாமல் குழாய் மட்டும் நட்டால் பயனில்லை. சாதாரண இரும்பு வலை குழியின் வாயுவில் துருவேறி உதிர்ந்துவிடும். கண்ணாடியிழை வலையோ துருப்பிடிக்காத எஃகு வலையோ வேண்டும். அரை இருட்டு என்றால் பெண்கள் பயப்படுவார்கள், அந்தப் பயம் நியாயமானது. உள்தாழ்ப்பாளும் போகிற வழியில் விளக்கும் சேர்த்தே கேளுங்கள். தண்ணீர் வசதியுள்ள சூளையில் இத்தனையும் வேண்டாம். வளைவில் தண்ணீர் தேங்கி நிற்கும் பீங்கான் பதித்தால் ஈ உள்ளே போக வழியில்லை, ஊற்ற இரண்டு லிட்டர் போதும்.

ஆறு மாதத்துக்கு எதற்கு இந்தச் செலவு என்று சூளைக்காரர்கள் முணுமுணுப்பார்கள். குழாயைப் பிடுங்கி அடுத்த பருவத்துக் குழியில் நட்டுக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

ஆய்வுப் படிவத்தில் ‘வலை கிழியாமல் இருக்கிறதா’, ‘பலகைச் சந்து அடைத்திருக்கிறதா’ என இரண்டு கேள்விகளைச் சேர்க்க உத்தரவிடுங்கள். பங்குனி வெயிலுக்கு முன்பே அது நடக்கட்டும். ஒடியா தெரிந்த ஒருவரையும் ஆய்வுக்கு அனுப்புங்கள். அங்கே சமைக்கும் பெண்களைக் கேட்டால், எந்தக் குழியிலிருந்து ஈ கிளம்புகிறது என்று கைகாட்டிவிடுவார்கள்.

இப்படிக்கு,
இம்மாவட்டத்துக் குடிமகன்