சமாரியரிடம் எண்ணெய் இருந்தது



ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆலய வாசலில் ஒரு வான் வந்து நிற்கிறது. சோற்றுப் பொதிகள், தண்ணீர்ப் போத்தல்கள், பாய்கள், பிள்ளைகளின் மாற்றுடைகள் எல்லாம் ஏற்றப்படுகின்றன. அம்மம்மா செபமாலையோடு முன் இருக்கையில் அமர்ந்துகொள்கிறார். சிற்றூர்களில் வாழும் நம் குடும்பங்களுக்குக் கடற்கரைக்கோ குளக்கரைக்கோ சென்று மாலையில் திரும்பும் இந்த ஒருநாள் பயணம் பெரியதோர் ஆறுதல். நீண்ட காலம் அச்சத்தோடு வீட்டுக்குள் முடங்கியிருந்த நமக்கு, அச்சமின்றிப் போய்வருவதே இறைவனின் கொடையாகும்.

அத்தகைய பயணமொன்றில் நடந்ததை உங்களோடு பகிர விரும்புகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பங்கின் சில குடும்பங்களோடு வன்னியிலுள்ள ஒரு குளத்துக்குச் சென்றிருந்தேன். மதிய உணவுக்குப் பின் பெரியவர்கள் மரநிழலில் கண்ணயர்ந்த வேளையில், 9 வயதுச் சிறுவன் ஒருவன் ஆழத்தில் இறங்கிவிட்டான். இளைஞர்கள் அவனைக் கரைக்குத் தூக்கி வந்தபோது மூச்சில்லை. தாய் அலறினார். ஒருவர் அவனைத் தலைகீழாகத் தூக்கினார்; இன்னொருவர் வயிற்றை அமுக்கினார். நான் முழந்தாளிட்டுச் செபித்தேன். செபித்ததில் தவறில்லை. ஆனால் அந்த நேரத்தில் கைகளால் செய்ய வேண்டிய ஒரு காரியமும் இருந்தது. குருமடத்தில் பல ஆண்டுகள் மெய்யியலும் இறையியலும் கற்ற எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அப்போது அடுத்த மரத்தடியில் தம் குடும்பத்தோடு உணவருந்திக்கொண்டிருந்த முச்சக்கர வண்டிச் சாரதி ஒருவர், உண்ட கையோடு ஓடி வந்தார். அவர் சைவர், எங்களுக்கு முன்பின் அறிமுகமில்லாதவர். சிறுவனை நிமிர்த்திக் கிடத்தி, தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, வாயோடு வாய் வைத்து ஊதினார். 1990 இலக்கத்துக்கு அழைக்கும்படி ஓர் இளைஞனிடம் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவே அழுத்தத் தொடங்கினார். 30 அழுத்தங்கள், 2 மூச்சுகள். மீண்டும் 30, மீண்டும் 2. சிறிது நேரத்தில் பிள்ளை இருமித் தண்ணீரைக் கக்கி அழுதான். ஒரு பிள்ளையின் அழுகையைக் கேட்டு அத்தனை பேர் மகிழ்ந்ததை நான் அன்றுதான் கண்டேன். மூச்சு வந்துவிட்டது என்று அவர் விட்டுவிடவில்லை. வைத்தியசாலைக்குக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும் என்று நின்று அனுப்பியும் வைத்தார். அவர் செஞ்சிலுவைத் தொண்டராகப் பயிற்சி பெற்றவர் என்பது பின்னரே தெரிந்தது.

நல்ல சமாரியர் உவமையை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். குருவும் லேவியரும் விலகிச் சென்றதைக் கண்டித்திருக்கிறேன். ஆனால் அந்தச் சமாரியரிடம் எண்ணெயும் திராட்சை மதுவும் இருந்தன என்பதை அன்று வரை ஆழ்ந்து சிந்தித்ததில்லை. அவரும் பயணத்தில் இருந்தவர்தான். இரக்கம் அவரை நிற்கச் செய்தது. ஆனால் கையில் இருந்ததும் காயத்தைக் கட்டத் தெரிந்ததுமே அடிபட்டவருக்குப் பயன்பட்டன. இரக்கம் மட்டும் இருந்திருந்தால், அருகில் அமர்ந்து அழுதிருப்பார், என்னைப் போல.

1859 ஜூன் 24ஆம் நாள் வட இத்தாலியில் சொல்பெரினோப் போர் நடந்தது. காயமுற்றோர் ஆயிரக்கணக்கில் அருகிலிருந்த காஸ்திலியோனே என்னும் சிறிய ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். ஆலயங்கள் மருத்துவமனைகள் ஆயின. நம்மவர், எதிரி என்று பாராமல் அவ்வூர்ப் பெண்கள் பணிவிடை செய்தார்கள். அலுவலாக அப்பக்கம் வந்திருந்த ஹென்றி டியூனான்ற் என்பவரும் அவர்களோடு இணைந்தார். நல்ல மனம் நிறைய இருந்தும் பயிற்சி பெற்ற கைகள் போதாமையால் பலர் மடிந்ததை அவர் கண்டார். ஆகவே அமைதிக் காலத்திலேயே தொண்டர்களைப் பயிற்றுவித்து வைக்க வேண்டும் என்று 1862இல் எழுதினார். செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது அவ்வாறுதான்.

‘அதற்குத்தான் வைத்தியசாலையும் அம்புலன்சும் இருக்கின்றனவே’ என்று சிலர் கேட்கலாம். 2016இல் தொடங்கிய 1990 இலவசச் சேவை இன்று நாடெங்கும் உண்டு. அதற்காக நன்றி கூறுவோம். எனினும் ஒட்சிசன் இல்லாமல் 4 முதல் 6 நிமிடங்களுக்குள் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். குளக்கட்டுக்கும் காட்டுப் பாதைக்கும் எந்த வண்டியும் அதற்குள் வந்துசேர்வது அரிது. அந்த நிமிடங்கள் அருகில் நிற்பவருக்கே ஒப்படைக்கப்பட்டவை. அவற்றைக் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கச் செலவிடுவது, உவமையில் வந்த அந்த இருவரும் செய்யாத ஒன்று.

ஆகவே, அன்பார்ந்த குடும்பங்களே, ஒன்று கேட்கிறேன். வீட்டுக்கு ஒருவராவது முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள். சோற்றுப் பொதிகளோடு ஒரு முதலுதவிப் பெட்டியும் நீண்ட கயிறும் வானில் ஏறட்டும். நீரில் தத்தளிப்பவரைக் கண்டால், பயிற்சியில்லாதவர் குதிக்காமல் கயிற்றையோ மூடிய வெற்றுக் கலனையோ எறியட்டும். மடுத் திருவிழாவில் வெயிலில் நின்று, மயங்கியவர்களைத் தாங்கும் தொண்டர்களைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் பிள்ளை அவர்களுள் ஒருவராக விரும்பினால் தடுக்காதீர்கள். அதுவும் ஓர் அழைத்தலே.

அந்தச் சாரதிக்கு நன்றி கூறச் சென்றபோது அவர் சொன்னார்: “பாதர், நீங்கள் மண்டபத்தைத் திறந்து தாங்கோ, மிச்சத்தை நாங்கள் பழக்கித் தாறம்.” திறந்து கொடுத்தேன். முதல் வரிசையில் தரையில் அமர்ந்து கற்றவர்களுள் நானும் ஒருவன். போய் அவ்வாறே செய்யும்படி இயேசு சட்ட அறிஞருக்குச் சொன்னார். செய்வதற்கு முன் கற்க வேண்டியிருந்தது எனக்கு.