வண்ணம் பூசக் கூடாத உலோகம்

படகின் பின்பலகைக்கு உட்புறம் எஞ்சினும், வெளிப்புறம் நீருக்குள் இறங்கிச் சுழல்விசிறியைத் தாங்கும் அலுமினியக் காலுமாக அமைந்த இயக்க முறையில், அவுட்டிரைவ் எனப்படுவது அந்த வெளிக்காலே ஆகும். வோல்வோ பென்டா நிறுவனம் 1959-இல் இம்முறையை அறிமுகப்படுத்திய பின்னர் உல்லாசப் படகுகளில் அது பரவலாயிற்று. எடை குறைவு என்பதற்காகத் தேர்ந்துகொள்ளப்பட்ட அலுமினியம், உப்புநீரில் துருப்பிடிக்காத எஃகு விசிறியுடன் இணைந்து நிற்கும்போது, இரண்டும் சேர்ந்து மின்கலமாகிவிடுவதால், இரண்டில் வினைத்திறன் மிக்கதான அதுவே கரையத் தொடங்குகிறது. இதுவே மின்வேதி அரிமானம்.

வண்ணப்பூச்சு நீரை விலக்கி இதைத் தாமதப்படுத்தும். ஆயினும் ஒரு கீறல் விழுந்தால் அரிப்பு முழுவதும் அச்சிறு இடத்தில் குவிந்து குழி பறிக்கும் என்பதால், உண்மையான காவல் அலுமினியத்தைவிட எளிதில் கரையும் உலோகத் துண்டிடமே உள்ளது. தான் கரைந்து காலைக் காக்கும் இத்துண்டு தியாக நேர்மின்வாய் எனப்படும். கடல்நீருக்குத் துத்தநாகமோ தனிவகை அலுமினியக் கலவையோ, நன்னீருக்கு மக்னீசியமோ இதற்குப் பயன்படுகிறது. பாதியளவு கரைந்ததுமே மாற்றப்பட வேண்டிய இதன்மேல், பளபளப்பை விரும்பி வண்ணம் அடித்துவிடுவோர், காவலனைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவுக்கு மெருகேற்றுகின்றனர்.

காலுக்கு மறுபூச்சு இடும்போது உப்பை நன்னீரால் கழுவி, குழிகளில் படிந்த வெண்பொடி அகலும்வரை தேய்க்க வேண்டும். எஃகுக் கம்பித் தூரிகையின் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து புதிய மின்கலங்களாகும் என்பதால் அது விலக்கத்தக்கது. தேய்த்த பரப்பில் விரைவிலேயே ஆக்சைடு படலம் உருவாவதால், எபாக்சி பிரைமரை அன்றைக்கே பூசிவிடுவது நலம்.

அரிமானத்தைத் தடுத்தாலும் கொட்டலசும் பாசியும் ஒட்டும் சிக்கல் எஞ்சுகிறது. 1824-இல் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செப்புத் தகடுகளை இரும்பு, துத்தநாகத் துண்டுகளைக் கொண்டு காக்க முயன்றபோது, செம்பு கரைவது நின்றதால் அதன் நச்சும் நின்று, கடலுயிர்கள் தகடுகளில் செழித்து வளர்ந்தன; எனவே அம்முயற்சி கைவிடப்பட்டது. அவுட்டிரைவில் இடர் வேறு வடிவம் கொள்கிறது: கடலுயிர்களை விரட்டும் செப்பு ஆக்சைடு பூச்சு, அலுமினியத்தைத் தொட்டால் அதனையே அரிக்கும். ஆகவே படகின் அடிப்பாகத்தில் அப்பூச்சு இருப்பின், அவுட்டிரைவ் பொருந்தும் இடத்தைச் சுற்றி ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் அகலத்துக்கு அது பூசப்படாமல் விடப்படுகிறது.