பொட்டல்காடு என்று சொல்லாதீர்கள்

நம் வட்டாரத்தின் கதையை யார் எழுதினாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். "அப்போது இங்கே ஒன்றுமே கிடையாது சார், வெறும் பொட்டல்காடு. பொழுது சாய்ந்தால் நரி ஊளையிடும்." அதன்பின் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ், 1955இல் ஆவடி காங்கிரஸ் மாநாடு, 1960களில் டாங்கித் தொழிற்சாலை, அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று வரிசையாக வரும். குடியிருப்போர் நலச் சங்க மலர்களில் இதை நானும் ஆசையோடு படிக்கிறேன். ஆனால் அந்த முதல் வரி பொய்.

அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயனம்பாக்கம் ஏரி, பருத்திப்பட்டு ஏரி. பொட்டல்காட்டில் எதற்கு இத்தனை ஏரி? ஏரி இருந்தால் மதகு உண்டு, மதகு இருந்தால் வயல் உண்டு, வயல் இருந்தால் அதில் இறங்கி உழைத்தவர்கள் உண்டு. மதகைத் திறந்து, முறை வைத்து, எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று பாய்ச்சியவர் நீர்க்கட்டி. எல்லைத் தகராறு வந்தால் வெட்டியானைக் கூப்பிட்டுத்தான் கேட்பார்கள். அவர் காட்டிய இடம்தான் எல்லை. இந்த வேலைகளைச் செய்தவர்கள் பெரும்பாலும் சேரியில் இருந்தவர்கள். ஊருக்கே எல்லை காட்டியவர்களுக்குக் காலடி மண் சொந்தமில்லை. குடிசை போட்டிருந்த மனைகூடப் பல இடங்களில் மிராசுதாருடையது.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அன்றைய செங்கல்பட்டு ஜில்லா. அந்த ஜில்லாவின் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். தரிசு நிலத்துக்கு இவர்கள் மனுப் போட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை, கூலிக்காரன் கடனில் கட்டுண்டு கிடக்கிறான் என்று அதில் எழுதினார். அதன் பலனாக 1892இல் அரசாணை வந்தது. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் பஞ்சமி நிலம் அப்படிப் பிறந்ததுதான். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனை என்ன ஆயிற்று என்று எந்த மலராவது ஒரு பக்கம் எழுதியதா? மனைப்பிரிவுகளின் பெயர்களை வரிசையாகப் போடுகிறோம். அதற்கு முன் அந்த மண் யார் பெயரில் இருந்தது என்று தாலுகா ஆபீஸில் அ-பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

நில விஷயம் மட்டுமல்ல. இதே செங்கல்பட்டு ஜில்லாவில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் பத்திரிகை நடத்தியவர், வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் வரை போனவர். பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை வேண்டும் என்று 1924இல் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவரும் அவர்தான். திருமழிசைக்கு அருகே குத்தம்பாக்கத்தில், 1996இல் ஊராட்சித் தலைவரான இளங்கோ, தலித் குடும்பமும் மற்றொரு சாதிக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகளைக் கட்டிக் காட்டினார். இதைவிடப் பெருமையான சேதி நம் பக்கத்தில் வேறென்ன இருக்கிறது?

"பழையதைக் கிளறினால் பகைதான் வளரும், இப்போது எல்லோரும் ஒன்றாகத்தானே இருக்கிறோம்" என்பார்கள். காலனி என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் குடியிருந்தால் அது கௌரவமான முகவரி. "அவன் காலனிக்காரன்" என்று ஒருவரைச் சொன்னால் அது வேறு பொருள். 2025 ஏப்ரலில் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டியிருந்தது. ஒன்றாக இருந்திருந்தால் அந்த அறிவிப்புக்கு என்ன தேவை?

அமெரிக்காவின் கறுப்பின மக்களும் இதே பேச்சைக் கேட்டவர்கள்தான், உங்களுக்கு ஏது வரலாறு என்று. நியூயார்க்கில் அவர்கள் நிறைந்து வாழும் ஹார்லெமில், 135ஆம் தெருக் கிளை நூலகத்தில் 1925இல் அவர்கள் வரலாற்றுக்கென்று தனிப் பிரிவு திறந்தார்கள். வங்கியில் வேலை பார்த்த ஆர்துரோ ஷோம்பர்க் என்பவர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த புத்தகங்களும் கையெழுத்துப் பிரதிகளும் அடுத்த ஆண்டு அங்கே வந்து சேர்ந்தன. இன்று உலகம் முழுவதிலுமிருந்து ஆராய்ச்சியாளர்கள் அங்கே போகிறார்கள். அவர் பேராசிரியர் அல்ல. நம்மைப் போல ஆபீஸ் போய் வந்த ஆள்.

நமக்கும் நேரம் இருக்கிறது, பென்ஷனும் வருகிறது. என்னோடு ஷிப்ட் பார்த்த நண்பர் ஒருவர் தன் தகப்பனார் நீர்க்கட்டியாக இருந்ததைச் சொல்லச் சொல்ல, எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் கால்வாய் ஓடியது என்பது எனக்குப் புரிந்தது. மழைக்காலத்தில் நம் தெருவில் ஏன் முழங்கால் தண்ணீர் நிற்கிறது என்பதற்கு அவரிடம் பதில் இருந்தது. அவர் போன வருஷம் காலமாகிவிட்டார். அவர் சொன்னதில் பாதிகூட யாரும் எழுதி வைக்கவில்லை.

அடுத்த மலருக்குக் கட்டுரை கேட்டு வருகிறவர்களிடம் சொல்லுங்கள்: இரவுப் பாடசாலை நடத்தியவர்கள், தெருக்கூத்து ஆடியவர்கள், ஏப்ரல் 14 அன்று கைக்காசு போட்டு ஊர்வலம் எடுத்தவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய், அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு வாருங்கள். நரி ஊளையிட்ட கதையை அதற்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.