நிபந்தனைக் கடிதம் வேலை உத்தரவு ஆகாது: பைலட் பயிற்சி ஒப்பந்தங்கள் குறித்து எங்கள் நிலைப்பாடு

தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்களைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் நிறைய. அவர்களில் பைலட் ஆக விரும்புவோரின் பெற்றோர் சேர்ந்து நாவலூரில் நடத்தும் அமைப்பு எங்களுடையது. விமான நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தால் வேலை உறுதி என்ற பேச்சு ஓ.எம்.ஆர். முழுக்கப் பரவியிருக்கிறது. எங்கள் கருத்து இதுதான்: அந்த ஒப்பந்தம் வரிசையில் பிள்ளையை முன்னே நிறுத்தும், வேலைகளின் எண்ணிக்கையைக் கூட்டாது.

முன்னே நிற்பது சிறிய பலன் அல்ல. இண்டிகோவின் கேடட் திட்டத்தில் தேர்வு முதலிலேயே நடப்பதால், பெருந்தொகை கட்டும் முன்பே தகுதி தெரிந்துவிடுகிறது. 200 மணி நேரம் பறந்து வணிக விமானி உரிமம் (சிபிஎல்) வாங்கியபின், ஏ320 ரக விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங்குக்குத் தனியாக அலைய வேண்டியதில்லை. 2023இல் மட்டும் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ 1,622 சிபிஎல் வழங்கியது. ஒப்பந்தம் இல்லாமல் படித்து வந்தவருக்கு எவ்வளவு போட்டி என்று இதிலிருந்தே புரியும். ஏர் இந்தியாவும் மகாராஷ்டிரத்தின் அமராவதியில் ஆண்டுக்கு 180 பேரை உருவாக்கும் சொந்தப் பள்ளியை அறிவித்திருக்கிறது.

ஆனால் பள்ளியில் சேரும்போது கைக்கு வருவது நிபந்தனைக் கடிதம். மருத்துவத் தகுதி, தேர்வுகள், சிமுலேட்டர் சோதனை எல்லாம் தாண்டினாலும் நிறுவனத்துக்கு அப்போது ஆள் தேவைப்பட வேண்டும். கிங்ஃபிஷர் 2012இல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். ஒரு நிறுவனம் மூடினால் அனுபவசாலிகள் கூட்டமாக வேலை தேடி வருகிறார்கள். புதியவர்கள் பின்னுக்குப் போகிறார்கள். 2020 ஜூலையில் இண்டிகோ பத்தில் ஒரு ஊழியரைக் குறைத்தது. அதே இண்டிகோ 2025 டிசம்பரில், புதிய பணிநேர விதிகளுக்குப் போதிய பைலட்டுகள் இல்லாமல் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. பயிற்சிக்கே ஒன்றரை, இரண்டு ஆண்டு ஆகும். சேரும்போது இருந்த நிலவரம் முடிக்கும்போதும் இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

பயிற்சி முடிந்து வேலை கிடைக்கும் வரையான இடைவெளியின் செலவு யாருக்கு? ஒரு கோடியைத் தாண்டும் கட்டணத்துக்கு வீட்டை அடமானம் வைத்த குடும்பம் வட்டி கட்டிக்கொண்டே இருக்கும். கருவிகளை நம்பிப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் பணம் வேண்டும். இந்தச் சுமை முழுவதையும் குடும்பத்தின் தலையிலேயே வைப்பதை நாங்கள் ஏற்கவில்லை. பயிற்சியை முடித்தவரை ஒப்பந்தத்தில் சொன்ன காலத்துக்குள் எடுக்காவிட்டால், புதுப்பிப்புச் செலவையும் கடன் வட்டியில் ஒரு பங்கையும் நிறுவனமே ஏற்க வேண்டும்.

டிஜிசிஏ 2025இல் முதன்முறையாகப் பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தியது. முதல் இரண்டு தரங்களில் ஒரு பள்ளிகூட இடம்பெறவில்லை. ஒவ்வொரு பயிற்சி அணியிலும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் எத்தனை மாதத்தில் விமானி இருக்கையில் அமர்ந்தார்கள் என்பதையும் அந்தப் பட்டியலோடு வெளியிட வேண்டும். ஒப்பந்தம் இல்லாத பள்ளிகளில் படித்தவர்களுக்கும் ஆண்டுதோறும் திறந்த தேர்வு நடக்க வேண்டும். இல்லையென்றால் கோடி புரட்ட முடிந்த வீட்டுப் பிள்ளை மட்டுமே விமானம் ஓட்டும் நிலை வந்துவிடும்.

கடிதத்தின் முழு வாசகத்தைப் பார்க்காமல் எந்தப் பெற்றோரும் முன்பணம் கட்ட வேண்டாம். நகலோடு எங்கள் கூட்டத்துக்கு வாருங்கள். வரிவரியாகச் சேர்ந்து படிப்போம்.