சாட்சிக் கூண்டில் தமிழ்

பல்கலைக்கழகம் ஒன்றின் சமூக அறிவியல் புலத்திலிருந்து அழைப்பிதழ் வந்திருக்கிறது. மூன்று சொற்பொழிவுகள், ஒரு பயிலரங்கு, நடந்துவரும் கிராம ஆய்வு பற்றி ஓர் அமர்வு. எல்லாம் ஆங்கிலத்தில்.

கிராம ஆய்வு என்றதும் விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு ஞாபகம் வருகிறது. 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தொடங்கிவைத்த ஆய்வில் இடம்பெற்ற ஊர். பிறகு 1930களில், 1961, 1981, 2008 என்று ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். ஓர் ஊரை இத்தனை காலம் விடாமல் பார்த்தது பெரிய காரியந்தான். ஆனால் நிலம் யார் கையில், கூலி எவ்வளவு என்று ஊர்க்காரன் சொன்னது தமிழில். முடிவு எழுதப்பட்டது ஆங்கிலத்தில். ஒரு பண்ணைக்குக் கட்டுண்டு கிடந்த வாழ்க்கை முழுவதும் 'படியாள்' என்ற சொல்லில் இருக்கிறது. ஆங்கில வாக்கியத்தின் நடுவே அது வெறும் தகவலாக நிற்கிறது. தமிழ் சாட்சி சொல்லலாம், தீர்ப்பு எழுதக்கூடாது.

ஆங்கிலக் கடன் பத்திரத்தில் விவசாயியிடம் கையெழுத்து வாங்கும் வங்கி குமாஸ்தா நான். இந்த உறவு எனக்குத் தெரியும்.

நாம் மட்டும் யோக்கியமா? அங்கே உதிரும் கலைச்சொற்களைப் பொறுக்கி இங்கே அச்சிடுகிறோம். 'படியாள்' என்ற சொல்லைக் கொண்டு யோசிக்க நமக்கும் தோன்றவில்லை.

பயிலரங்கில் ஒரு கட்டுரையாவது தமிழில் வாசிக்கட்டும். ஆராயப்பட்ட ஊர்க்காரர் ஒருவர் எழுந்து, "அது தப்புங்க" என்று சொல்லட்டும். அப்புறம் அதை ஆராய்ச்சி என்போம்.