‘பயிர் இல்லை’ என்று எழுதிய அலுவலகத்துக்கு

பயிர்ப் பாதுகாப்பின் பொறுப்பை ஏற்று உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்திருக்கும் அலுவலர் பெருந்தகை அவர்களுக்கு,



படைப்புழு தின்ற மக்காச்சோளம் குறித்துத் தங்கள் சமூகத்துக்கு நாங்கள் அனுப்பிய விண்ணப்பங்கள் யாவும் ‘உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது’ என்னும் ஒரே வாக்கியத்தைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தபடியாலும், அந்த உரிய இடம் எதுவென்று குறைதீர் கூட்டத்தில் கேட்டபோது அங்கிருந்த எவராலும் விரல் நீட்டிக் காட்ட இயலாமற் போனபடியாலும், ஊரார் அனைவரும் படிக்கும்படி இதை எழுத நேர்ந்திருக்கிறது. அபசாரமாகத் தோன்றினால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

படைப்புழுவைப் பற்றித் தங்களுக்கு உபதேசம் செய்ய நான் முற்படவில்லை. 2016-ல் ஆப்பிரிக்காவில் காலூன்றி, 2018 மே மாதத்தில் கர்நாடகத்துச் சிவமோகாவில் கண்டறியப்பட்டு, அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளக் காடுகளைச் சூறையாடிய அந்த அமெரிக்க விருந்தாளியின் முகத்திலுள்ள தலைகீழ் ‘ஒய்’ அடையாளத்தையும், வால்பக்கத்தில் சதுரமாக அமைந்த நான்கு புள்ளிகளையும் தங்கள் அலுவலகச் சுவரிலுள்ள வர்ணப்படம் தெளிவாகவே காட்டுகிறது. கடைசி உழவில் வேப்பம்பிண்ணாக்கு, விதைநேர்த்தி, வரப்போரம் தட்டைப்பயறு, இனக்கவர்ச்சிப் பொறி என்று அதன்கீழ் அச்சிட்டிருப்பதிலும் பிழை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பருத்தி ஆராய்ச்சி நிலையத்தை வைத்திருக்கும் இப்பிரதேசத்தில் வித்தைக்குப் பஞ்சம் என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் ஓர் அம்மாளின் காட்டில் நடந்ததைச் சொல்லுகிறேன், கேளுங்கள்.

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் கிழக்கே விரிந்து கிடக்கும் கரிசலில் அவருக்கு மூன்று ஏக்கர் மானாவாரி. கணவர் இல்லை. இராஜபாளையத்து நூற்பாலைகளை நம்பிப் பரம்பரையாகப் போட்டுவந்த பருத்தியைக் காய்ப்புழுவும் எடுப்புக்கூலியும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்ட பிறகு, மக்காச்சோளத்துக்கு மாறிய எத்தனையோ சம்சாரிகளுள் அவரும் ஒருவர். புரட்டாசிக் கடைசியில், கம்மலை அடகு வைத்து விதை வாங்கி விதைத்தார். மானிய விலையில் விதைநேர்த்தி மருந்து வரும் என்று சொல்லப்பட்டது, வரவில்லை, மழை வந்துவிட்டது, மானாவாரியில் மழையைக் காக்க வைக்கும் அதிகாரம் சம்சாரிக்கு இல்லை.

பயிர் முழங்கால் உயரத்தையும் எட்டாத பருவத்தில், இலையின் பச்சையம் சுரண்டப்பட்டு வெள்ளைத் திட்டுகள் தெரிந்த அன்றே, அந்த அம்மாள் இலையைப் பறித்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறித் தங்கள் அலுவலகத்துக்கு வந்தார். எழுத்தறியாத அந்த ஸ்திரீ செய்ததைவிடச் சரியான காரியத்தைப் பட்டம் பெற்ற நிபுணரும் செய்திருக்க முடியாது. ஏனெனில் புழு சிறியதாய் இலைமேல் திரியும் அந்தச் சில தினங்களே மனிதனுக்குக் கிடைக்கும் அவகாசம். அதன்பின் அது குருத்துக்குள் இறங்கி, மரத்தூள் போன்ற தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்துக்கொண்டுவிட்டால், மேலிருந்து தெளிக்கும் எந்த மருந்தும் அதைத் தொடுவது துர்லபம். இதை அறிந்த தங்கள் அலுவலகம் அவரிடம் என்ன கேட்டது? அடங்கல் கேட்டது. ஆதார் நகல் கேட்டது. பட்டாவில் இன்னும் கணவர் பெயர் இருப்பதற்கு விளக்கம் கேட்டது. களத்துக்கு வரவேண்டிய உதவி அலுவலர் வேறொரு வட்டத்தையும் கூடுதல் பொறுப்பாகப் பார்ப்பதால் அடுத்த வாரம் வருவார் என்றது. பையிலிருந்த இலையை யாரும் வெளியே எடுக்கச் சொல்லவில்லை.

மூன்று நாளில் பொரித்து, இரண்டு மூன்று வாரம் தின்று, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய ஒரு மாதத்தில் அந்துப்பூச்சியாகப் பறந்துவிடும் ஜந்து அது. அம்மாளின் மனு ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்கு நகர்ந்த காலத்துக்குள் அது முட்டையிட்டு ஒரு வம்சத்தையே ஸ்தாபித்துவிட்டது. இடையில் மருந்துக்கடைக்காரரே வைத்தியரானார். இரண்டு மருந்துகளைக் கலந்து கடனுக்குக் கொடுத்தார். கூலியாள் உச்சிவெயிலில் மேலாக அடித்துவிட்டுப் போனார். கடன் நின்றது, புழுவும் நின்றது. மலையோரத்துச் சம்சாரியாவது காட்டுப்பன்றிக்கு இராஜபாளையம் நாயைக் காவல் வைத்துத் தேறுதல் அடையலாம். இந்த அம்மாள் புழுவுக்கு யாரைக் காவல் வைப்பார்? கார்த்திகையில், கதிர் வாங்காத பயிரை அறுத்து மாட்டுத்தீவனமாக விற்றார்.

மார்கழியில் ஜீப் வந்தது. விதைத்த விதை முளைத்து, வளர்ந்து, அரிக்கப்பட்டு, அறுக்கப்பட்டு, பக்கத்து ஊர் மாடுகளின் வயிற்றில் ஜீரணமும் ஆகிவிட்ட பிறகு, அந்த அம்மாளின் கையில் உங்கள் ஊழியர் பவ்வியமாகக் கொடுத்தது என்ன தெரியுமா? விதைநேர்த்தி மருந்துப் பொட்டலம். பெற்றுக்கொண்டதாகக் கைநாட்டும் வாங்கிக்கொண்டார். பிறகு வெறுங்காட்டைச் சுற்றிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினார்: ‘பயிர் இல்லை. பாதிப்பு இல்லை.’

2018-ன் நாசத்துக்குப் பின் அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அரசு 186 கோடி ரூபாய்க்கு மேல் நிவாரணம் அறிவித்தது. மானாவாரி மக்காச்சோளத்துக்கு ஹெக்டேருக்கு 7,410 ரூபாய், அதாவது ஏக்கருக்கு 3,000. உழவுக்கூலிக்கும் விதைக்கும் சரியாகப் போகும் அந்தத் தொகையை ஐசுவரியம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் இனி அப்படி ஒன்று அறிவிக்கப்படினும், உங்கள் ஊழியரின் அந்த நான்கு சொற்கள் இருக்கும்வரை இந்த அம்மாளுக்கு அதில் ஒரு காசும் இல்லை. புழு தின்றதற்குச் சாட்சி கேட்டீர்கள். சாட்சியை அவர் பையில் கொண்டுவந்தபோது நகல் கேட்டீர்கள். நகல் வந்தபோது சாட்சி இல்லை என்றீர்கள். இதற்கு நிர்வாகம் என்று பெயரானால் அநியாயத்துக்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கும்.

அடுத்த புரட்டாசி வரத்தான் போகிறது. தங்கள் கோப்புகள் பூர்த்தியாகும்வரை எந்தப் புழுவும் குருத்துக்குள் பிரவேசிக்கலாகாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்ப முடியுமானால் மிக்க உத்தமம். நகல் ஒன்று எங்களுக்கும் வேண்டும், காட்டில் கம்பு நட்டுக் கட்டிவைக்கிறோம். அது சாத்தியமில்லையானால், மருந்தை ஆவணிக்குள் அனுப்புங்கள். இலையைக் கொண்டுவருகிறவரிடம் முதலில் இலையைப் பாருங்கள். அந்த அம்மாளின் பெயருக்கு எதிரே எழுதியதை அடித்துவிட்டு, பயிர் ஏன் இல்லை என்று எழுதுங்கள். எழுத மனம் வரவில்லையானால், பிரிக்காமல் வைத்திருக்கும் பொட்டலத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஒரு ரசீதாவது கொடுங்கள். உங்கள் அலுவலகத்தில் ரசீதுக்கு மட்டும் மரியாதை உண்டு என்று கேள்வி.

இங்ஙனம்,
கரிசல்காட்டுச் சம்சாரி ஒருவன்